பியூஸ் எந்தப் பக்கம் இருக்கணும்?

கரண்ட்டோட சேர்ந்து நம்ம ஊருக்கு வந்த வார்த்தைகள்ல, தமிழ் தன் சொந்தப் பிள்ளை மாதிரி எடுத்து வளர்த்த வார்த்தை எதுன்னு கேட்டா நான் 'பியூஸ்'னுதான் சொல்வேன். பல்பு எரியலையா? "பீஸ் போச்சு". ஆள் சோர்ந்து உட்கார்ந்திருக்கானா? "பீஸ் போன பல்பு மாதிரி இருக்கான் பாரு". பில் கட்டலையா? "ஈபிக்காரன் வந்து பீஸைப் புடுங்கிட்டுப் போயிட்டான்". இத்தனைக்கும் பல்புல போறது பியூஸே இல்லை, உள்ளே இருக்கிற இழை. இருந்தாலும் நமக்கு எல்லாம் பீஸ்தான் :-)

இவ்வளவு தூரம் பழகின சாமான் வீட்டுல எந்தக் கம்பியில இருக்கணும்னு கேட்டுப் பாருங்க. பத்துல எட்டு பேர், "எங்க இருந்தா என்ன? கரண்ட் ரெண்டு கம்பியிலயும்தானே போகுது"ன்னு சொல்வாங்க. அது உண்மைதான். ஓடுற கரண்ட் ரெண்டு கம்பியிலயும் ஒண்ணுதான். ஆனா பியூஸ் போனதுக்கு அப்புறம் என்ன மிச்சம் இருக்குங்கறதுலதான் உயிரும் சாவும் இருக்கு. அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் பழைய கதை, கொஞ்சம் சட்டம், கொஞ்சம் கணக்கு.

ஒரு ஈயக் கம்பியில இருந்து...

1880-ம் வருஷம் மே மாசம் எடிசனுக்கு அமெரிக்காவுல ஒரு காப்புரிமை கிடைச்சது. மின்விளக்குகளுக்கான 'பாதுகாப்புக் கம்பி'. விஷயம் ரொம்பச் சின்னது. நீளமான தடிமன் கம்பிக்கு நடுவுல வேணும்னே மெலிசா ஒரு துண்டு. கரண்ட் அளவுக்கு மேல போனா அந்தத் துண்டு உருகி அறுந்துடும், மத்ததெல்லாம் தப்பிக்கும். 1882-ல் நியூயார்க் பேர்ல் தெருவுல அவர் மின்நிலையம் ஆரம்பிச்சு வீடுகளுக்குக் கரண்ட் விற்க ஆரம்பிச்சப்போ இந்த ஏற்பாடும் கூடவே போச்சு.

எவ்வளவு மெலிசா இருந்தா எத்தனை ஆம்பியர்ல உருகும்? இதை உட்கார்ந்து அளந்து பார்த்தவர் வில்லியம் ஹென்றி பிரீஸ். பிரிட்டிஷ் தபால் துறையில் பொறியாளர். 1880-கள்ல அவர் செஞ்ச சோதனைகள்ல இருந்து ஒரு சூத்திரம் வந்தது. கம்பியோட விட்டத்தை எடுத்து, அதை அதோட வர்க்கமூலத்தால பெருக்கி, பிறகு உலோகத்துக்கு ஒரு எண்ணால பெருக்கணும். விட்டம் மில்லிமீட்டர்ல இருந்தா செம்புக்கு அந்த எண் கிட்டத்தட்ட 80.

நம்ம வீட்டு வயரை உரிச்சா உள்ளே தலைமுடி மாதிரி இழை இழையா இருக்குமே, அதுல ஒரு இழை 0.2 மி.மீ.ன்னு வெச்சுக்குவோம். சூத்திரத்துல போட்டா ஏறக்குறைய 7 ஆம்பியர்ல உருகும். நாலு இழையைச் சேர்த்து முறுக்கி கேரியர்ல கட்டினா? 28 ஆம்பியருக்குப் பக்கத்துல போயிடும். "அடிக்கடி பீஸ் போகுது, நல்லா ஸ்ட்ராங்கா கட்டுங்க"ன்னு நாம சொல்ற வார்த்தைக்கு அர்த்தம் இதுதான். 1 சதுர மி.மீ. வயர் அதுல பாதியைத் தாங்கவே திணறும். அதாவது பியூஸ் நல்லா இருக்கும், சுவத்துக்குள்ள இருக்கிற வயர் பியூஸாயிடும்.

ரெண்டு பக்கமும் பியூஸ் வெச்ச காலம்

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். ஆரம்ப காலத்துல பல இடங்கள்ல பியூஸை ரெண்டு கம்பியிலயும் வெச்சாங்க. அது முட்டாள்தனம் இல்லை. அன்னிக்கு அதுதான் சரி.

ஏன்னா, அப்போ இருந்தது நேர்மின்னோட்டம், டிசி. ஒரு கம்பி பிளஸ், ஒரு கம்பி மைனஸ். பல ஊர்கள்ல ரெண்டுல எதையுமே பூமியோட சேர்க்கலை. ரெண்டும் சம அந்தஸ்து உள்ள கம்பிங்க. எது எங்கே போய் சுவரையோ குழாயையோ தொடும்னு சொல்ல முடியாது. அதனால ரெண்டுக்கும் ஒரு காவல். நம்ம நாட்டுலயும் கல்கத்தாவுக்கு 1899-ல் வந்தது இந்த டிசிதான்.

அப்புறம் ஏசி வந்தது, மூணு பேஸ் வந்தது, தெருவுக்குத் தெரு டிரான்ஸ்பார்மர் வந்தது. நம்ம பக்கத்துல பைகாரா 1930-களோட ஆரம்பத்துலயும் மேட்டூர் 1937-லயும் ஓட ஆரம்பிச்சு, கம்பி மெதுவா உள் மாவட்டங்களுக்கு இறங்கினதெல்லாம் இந்த முறையிலதான். இதுல ஒரு பெரிய மாற்றம் நடந்தது. நியூட்ரல் கம்பியை டிரான்ஸ்பார்மர்கிட்டயே பூமியில கட்டிட்டாங்க. டிரான்ஸ்பார்மர் பக்கத்துல குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, கம்பி இறக்கியிருப்பாங்களே, அந்த எர்த்துதான்.

அந்த நிமிஷத்துல இருந்து ரெண்டு கம்பியும் சமம் இல்லை. ஒண்ணு பூமியோட உறவுக்காரன். இன்னொண்ணு பூமியைப் பார்த்தா 230 வோல்ட்டோட பாயற ஆள். நாம நிக்கிறது பூமியில. அதனால நமக்குப் பகை பேஸ் கம்பி மட்டும்தான்.

இப்போ நியூட்ரல்ல பியூஸ் இருந்து, அது போச்சுன்னா என்ன ஆகும்? சாமான் நின்னுடும். ஹீட்டர் சுடாது. ஆனா பேஸ் கம்பி சுவிட்ச் வழியா வந்து, காயில் முழுக்க ஏறி, அறுந்த நியூட்ரல் வாசல் வரைக்கும் 230 வோல்ட்டோட காத்துக்கிட்டு நிக்கும். பார்க்கிறவங்களுக்கு அது செத்த சாமான். தொட்டா தெரியும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பேஸ் கம்பி ஹீட்டரோட இரும்பு உடம்பைத் தொட்டு, அங்கிருந்து எர்த் கம்பி வழியா பூமிக்கு ஓடுதுன்னு வெச்சுக்குங்க. அந்தக் கரண்ட் நியூட்ரல் பக்கம் எட்டியே பார்க்காது. அங்கே பியூஸ் வெச்சிருந்தா அதுக்கு விஷயமே தெரியாது. திருடன் கொல்லைப் பக்கமா போறான், காவல்காரன் வாசல்ல உட்கார்ந்திருக்கான்.

அதனால சட்டம் எழுதினாங்க. 1910-ம் வருஷத்து இந்திய மின்சாரச் சட்டத்தின் கீழே வந்த 1956-ம் வருஷ விதிகள்ல 32-வது விதி இதைத்தான் சொல்லுது. பூமியோட சேர்த்த நியூட்ரல் கம்பியில தனியா பியூஸோ சுவிட்ச்சோ போடக் கூடாது. போட்டே ஆகணும்னா பேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்துல சேர்த்து வெட்டுற இணை சுவிட்ச்சாத்தான் இருக்கணும். எது நியூட்ரல்னு அழியாத அடையாளமும் வைக்கணும். இது ஏதோ பொறியாளர்களுக்கான நுணுக்கம் இல்லைங்க. நம்ம மெயின் போர்டைப் பத்தின சட்டம். 1956 விதிகள் போய் 2010-ல் மத்திய மின்சார ஆணையத்தோட புது ஒழுங்குமுறைகள் வந்தது, 2023-ல் அதுவும் மாறி இன்னொண்ணு வந்தது. ஆனா இந்த அடிப்படை மாறலை.

ரெட்டைக் காவல்

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஊர்ல என்ன இருக்குன்னு சொல்றேன்.

1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டமாச்சு. ஆட்சியர் அலுவலகம் இன்னிக்கு எங்க வேங்கிக்கால்லதான் இருக்கு. வேலூர் ரோட்டுல இந்தப் பக்கம் வீடுங்க பெருகின வேகம் சொல்லி மாளாது. ரீப்பர் கட்டை அடிச்சு வயர் ஓட்டின பழைய வீடும், சுவத்துக்குள்ள பைப் புதைச்ச புது வீடும் ஒட்டி ஒட்டி நிக்கும். பழைய வீட்டு மெயின் போர்டைப் பார்த்தீங்கன்னா இரும்புப் பெட்டி சுவிட்ச், அது பக்கத்துல வெள்ளைப் பீங்கான் கேரியர் ரெண்டு. ரெண்டுமே பியூஸ். ஒண்ணு பேஸ்ல, ஒண்ணு நியூட்ரல்ல.

நான் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டுல இதே ஏற்பாடு. வயரிங் பார்க்க வந்த அண்ணன்கிட்ட கேட்டேன்.

"ஏண்ணா, நியூட்ரலுக்கு எதுக்கு பியூஸ்?"

"இன்னா சார் இப்படி கேக்கறீங்க? ஒரு பீஸ் இருந்தா ஒரு காவலு. ரெண்டு இருந்தா ரெட்டைக் காவலு. டபுள் சேப்டி சார்."

"லோடு ஜாஸ்தியாச்சுன்னா எது முதல்ல போகும்?"

கொஞ்ச நேரம் யோசிச்சார். "அது... எது மெலிசா இருக்குதோ அது போவும்."

"நியூட்ரல் போயிடுச்சுன்னா?"

"லைட்டு அவுட்டு. கரண்ட்டு இல்ல."

"டெஸ்டர் வெச்சுப் பாருங்களேன்."

நியூட்ரல் கேரியரை அவரே உருவினார். பேன் சுவிட்ச் ஆன்ல இருந்தது. பிளக் பாயிண்ட்டோட ரெண்டு ஓட்டையிலயும் டெஸ்டர் மினுக்குன்னு எரிஞ்சது. பேஸ் பேன் வழியா சுத்தி வந்து நியூட்ரல் ஓட்டையிலயும் நின்னுக்கிட்டு இருந்தது. அவர் தலையைச் சொறிஞ்சார். "எங்க மேஸ்திரி இப்படித்தான் கட்டச் சொல்லிக் குடுத்தாரு சார்"னார். அவரைக் குத்தம் சொல்ல என்ன இருக்கு? அவர் மேஸ்திரிக்கும் ஒரு மேஸ்திரி இருந்திருப்பார். டிசி காலத்து நியாயம், ஏசி காலத்துலயும் கை மாறிக் கை மாறி வந்திருக்கு. அன்னிக்கே நியூட்ரல் பியூஸை எடுத்துட்டு நேரா தடிமன் கம்பியால இணைச்சுட்டுப் போனார்.

ஒரே அளவு கரண்ட் ரெண்டு பியூஸ்லயும் ஓடும்போது எது முதல்ல அறுந்து விழும்ங்கறது பூவா தலையா கதைதான். பேஸ் பியூஸ் போனா தப்பிச்சோம். நியூட்ரல் பியூஸ் போனா, பாம்பு தூங்குற மாதிரி படுத்திருக்கும்.

மூணு பேஸ் வாங்கின வீட்டுல இது இன்னும் மோசம். பொது நியூட்ரல் அறுந்தா ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவுல இருக்கிற 400 வோல்ட்டை வீட்டுச் சாமானுங்க தங்களுக்குள்ள பங்கு போட்டுக்கும். கம்மி லோடு இருக்கிற பேஸுக்குப் பெரிய பங்கு போகும். "நியூட்ரல் போயிடுச்சாம், தெரு முழுக்க டிவி புகைஞ்சு போச்சு"ன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அதே கதையை நாமளே காசு கொடுத்து வீட்டுக்குள்ள கட்டி வெச்ச மாதிரி.

ஏன் ஹீட்டர் மட்டும் இவ்வளவு ஆபத்து?

பேன்ல, டியூப்லைட்ல நியூட்ரல் தப்பா இருந்தாலும் பல வருஷம் ஒண்ணும் ஆகாம ஓடிடும். ஏன்னா அதைத் தொட நமக்கு வேலை இல்லை. சூடு பண்ற சாமான் அப்படி இல்லை. அதைக் கையால பிடிக்கிறோம், தண்ணிக்குள்ள போடுறோம், பாத்திரம் வெக்கிறோம். சுடுதான்னு தொட்டுப் பார்க்கிறது மனுஷ சுபாவம்.

மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு அமெரிக்காவுல ஹென்றி சீலி காப்புரிமை வாங்கினது 1882-ல். 1890-கள்ல இங்கிலாந்துல கிராம்ப்டன் கம்பெனி கெட்டில் எல்லாம் விற்க ஆரம்பிச்சது. (அந்த கிராம்ப்டன் இளவயசுல இந்தியாவுல ராணுவத்துல இருந்தவர். இன்னிக்கும் நம்ம பேன்ல அவர் பேர் சுத்துது.) ஆனா இழை சீக்கிரம் எரிஞ்சு போயிடும். 1906-ல் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நிக்ரோம். செக்கச்செவேல்னு பழுத்தாலும் காத்துல அரிக்காது. டோஸ்டர், இஸ்திரிப் பெட்டி, ஹாஸ்டல் பசங்களோட காயில் அடுப்பு எல்லாம் அதுல இருந்து வந்ததுதான்.

அந்தக் காயில் அடுப்பை நினைச்சுப் பாருங்க. பீங்கான் தட்டு, அதுல பள்ளம், பள்ளத்துல மூடி இல்லாத சுருள் கம்பி. சுவிட்ச் நியூட்ரல்ல இருந்தா, அணைச்ச பிறகும் அந்தச் சுருள்ல 230 வோல்ட் இருக்கும். சிவப்பா இருந்தா எல்லாரும் பயப்படுவாங்க. கருப்பா ஆறிப்போய் இருந்தா யாருக்கு பயம்? பொங்கி வழிஞ்சதைத் துடைக்க ஈரத்துணியோட போவாங்க.

தண்ணிக்குள்ள போடுற ராடு இதுக்கு அடுத்த கட்டம். சுருளை ஒரு உலோகக் குழாய்க்குள்ள வெச்சு, சுத்தி மக்னீசியம் ஆக்ஸைடு பவுடரைத் திணிச்சு அடைச்சிருப்பாங்க. இந்தப் பவுடருக்கு அருமையான குணம் ஒண்ணு உண்டு. சூட்டை விடும், கரண்ட்டை விடாது. கெட்ட குணமும் ஒண்ணு உண்டு. ஈரத்தை உறிஞ்சும். குழாயோட வாய்ல இருக்கிற அடைப்பு விரிஞ்சு போச்சுன்னா, ஆடி ஆவணியெல்லாம் பரண்ல கிடந்த ராடு ஈரத்தைக் குடிச்சுட்டு மார்கழியில கீழே இறங்கும். அப்போ கரண்ட் கொஞ்சம் கொஞ்சமா வெளிக் குழாய்க்குக் கசியும்.

தீபம் முடிஞ்சு மலையைச் சுத்திப் பனி இறங்க ஆரம்பிச்சா எங்க ஊர்ல ராடும் கீசரும் ஓயாது. அப்படி ஒரு குளிர்காலத்துல, 2000-களோட கடைசியில, எங்க தெருவுல நடந்தது இது. மாடி வீட்டு அக்கா பக்கெட்டுல ராடு போட்டிருக்காங்க. கால் மணி நேரம் ஆகியும் ஆவி வரலை. கீழே லைட்டும் இல்லை. "கரண்ட் போயிடுச்சு போலிருக்கு"ன்னு தண்ணியில கையை விட்டுட்டாங்க. ஆள் தூக்கி எறியப்பட்டு விழுந்ததால பிழைச்சாங்க. முழங்கை எலும்பு விட்டுப்போச்சு. மெயின் போர்டைப் போய்ப் பார்த்தா பேஸ் பியூஸ் பத்திரமா இருக்கு. போனது நியூட்ரல் பியூஸ். ராடோட பிளக் ரெண்டு பின். எர்த்தே கிடையாது.

மூணு தப்பு ஒண்ணா சேர்ந்தது பாருங்க. ராடு கசிஞ்சது, எர்த் இல்லை, நியூட்ரல்ல பியூஸ். முதல் ரெண்டும் இருந்தாக்கூட அந்த அக்கா தப்பிச்சிருப்பாங்க, ஏன்னா ராடு வேலை செய்யும்போது தண்ணியைத் தொடக் கூடாதுன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். கரண்ட் இல்லைன்னு பொய் சொன்னது அந்த மூணாவது சாமான்.

பிளக்குக்குள்ள ஒரு பியூஸ்

இதே பிரச்னையை வெள்ளைக்காரன் எப்படித் தீர்த்தான்னு பார்த்தா சுவாரசியமா இருக்கும். ரெண்டாம் உலகப்போர் முடியும்போது பிரிட்டன்ல செம்புத் தட்டுப்பாடு. புது வீடுகள் லட்சக்கணக்குல கட்டணும். ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் தனி வயர் இழுக்காம, ஒரே வயரை வீடு முழுக்க மோதிரம் மாதிரி சுத்தி விட்டு, அதுல எல்லா பாயிண்ட்டையும் மாட்டலாம்னு ஒரு குழு யோசனை சொன்னது. அந்தக் குழுவுல கரோலின் ஹாஸ்லெட்னு ஒரு பெண்மணியும் இருந்தாங்க. பெண்கள் பொறியாளர் சங்கத்தைக் கட்டி வளர்த்தவங்க.

ஆனா அந்த மோதிரத்துக்கு 30 ஆம்பியர் பியூஸ். அதுல ஒரு டேபிள் லைட்டோட சன்ன வயரை மாட்டினா, வயர் எரிஞ்சாலும் 30 ஆம்பியர் பியூஸ் அசையாது. அதனால பியூஸைப் பிளக்குக்குள்ளயே கொண்டு வந்துட்டாங்க. 1947-ல் வந்த 13 ஆம்பியர் சதுர பின் பிளக். பியூஸ் பேஸ் பின்லதான். எர்த் பின் நீளம், அது உள்ளே போனாத்தான் மத்த ஓட்டைகளோட கதவு திறக்கும். திருப்பி மாட்டவே முடியாது.

நம்ம நாடு அதை எடுத்துக்கலை. அதுக்கு முன்னாடி 1934-ல் வந்த உருண்டை பின் முறையிலயே நின்னுட்டோம். இன்னிக்கு 6 ஆம்பியர், 16 ஆம்பியர்னு சொல்றது அதோட வாரிசுதான். நம்ம பிளக்குல பியூஸ் கிடையாது. காவல் முழுக்க மெயின் போர்டுலதான். ஜெர்மனிக்காரன் வழி வேற. 1926-ல் பியூட்னர் வடிவமைச்ச ஷூகோ பிளக்கை எப்படித் திருப்பினாலும் மாட்டலாம். எது பேஸ்னு சாமானுக்குத் தெரியாது.

இதுல நமக்கு என்ன? சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத்னு போன நம்ம ஆளுங்க அயர்ன் பாக்ஸும் கெட்டிலும் வாங்கிட்டு வர்றாங்க. எல்லாம் சதுர பின். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கத்தரியை எடுத்து அந்த பிளக்கை வெட்டி எறிஞ்சுட்டு நம்ம மூணு பின்னை மாட்டுறது. வெட்டி எறிஞ்சது பிளக்கை மட்டும் இல்லை, அந்தச் சாமானோட பியூஸையும் சேர்த்துத்தான். இனிமே அந்தச் சன்ன வயருக்குக் காவல் 16 ஆம்பியர் மெயின் மட்டும்.

கலர் குழப்பம் அதை விடப் பெருசு. வெளிநாட்டுச் சாமான்ல பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். நம்ம ஊர் பழக்கத்துல சிவப்பு, மஞ்சள், நீலம் மூணுமே பேஸ், கருப்புதான் நியூட்ரல். பழுப்பைக் கருப்போட தம்பின்னு நினைச்சு நியூட்ரல்லயும், நீலத்தைப் பேஸ்லயும் மாட்டினா, சாமானுக்குள்ள ஒத்தைக் கம்பியில இருக்கிற சுவிட்ச்சும் வெப்பக் கட்டுப்பாடும் நியூட்ரல் பக்கம் வந்துடும். 1956 விதி எதை வேண்டாம்னு சொல்லுச்சோ அது கெட்டிலுக்குள்ளயே நடந்துடும்.

இந்தக் குழப்பம் வெளிநாட்டுலயும் இருந்ததுதான். ஒரு காலத்துல ஜெர்மனியில சிவப்பு எர்த், இங்கிலாந்துல சிவப்பு பேஸ். ஜெர்மன் சாமானை வாங்கி இங்கிலீஷ் பிளக் மாட்டினா உடம்பு முழுக்க பேஸ். 1969-ல் பிரிட்டன் சட்டம் போட்டுத்தான் சாமான் வயருக்குப் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள்னு மாத்தினாங்க.

பியூஸ் யாருக்குக் காவல்?

இவ்வளவும் சரியா இருந்தாலும் ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். பியூஸ் வயரைக் காப்பாத்த வந்தது. மனுஷனைக் காப்பாத்த வந்தது இல்லை. 5 ஆம்பியர்னு நாம சொல்ற கம்பி பியூஸ், பல சமயம் 10 ஆம்பியர் பக்கம் போனாத்தான் உருகும். மனுஷன் சாக 5 ஆம்பியர் வேண்டாம். நூறு மில்லி ஆம்பியருக்குக் கீழேயே, சில நொடி நீடிச்சா, இதயம் தடம் மாறிடும். ஈரக் கையோட ஒருத்தர் பேஸைத் தொட்டா அதுக்கு மேலயே ஓடும். பியூஸுக்கு அது கொசுக்கடி.

அமெரிக்காவுல பெர்க்லியில பேராசிரியர் சார்லஸ் டால்சியல், எவ்வளவு கரண்ட்ல மனுஷனால பிடிச்ச கம்பியை விட முடியாமப் போகுதுன்னு தன்னார்வலர்களை வெச்சே அளந்து பார்த்தவர். 1950-கள்ல ஆஸ்திரியாவுல பீகல்மயரும், தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபினும், 1961-ல் டால்சியலும் செஞ்ச கருவிகள்தான் இன்னிக்கு நாம ஆர்சிசிபின்னு வாங்குற பெட்டிக்கு முன்னோர்கள். போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் சமமான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தா, வேற எங்கயோ கசியுதுன்னு அர்த்தம், சட்டுன்னு பேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து வெட்டிடும். கணக்குப் பிள்ளை மாதிரி. வரவு செலவு இடிச்சா கடையை மூடிடும்.

நம்ம விதிகள்ல இந்தக் கருவி முதல்ல 5 கிலோவாட்டுக்கு மேல வாங்கினவங்களுக்குத்தான் கட்டாயமாச்சு. அப்புறம்தான் வரம்பு குறைஞ்சது. பழைய வீடுங்க, ஒத்தை அறை வீடுங்க, வாடகை வீடுங்கதான் இதுல வெளியே நின்னது. ராடு போட்டுத் தண்ணி காய வெக்கிறதும் அங்கதான் அதிகம். கீசர் வாங்குறவன் வீட்டுல எம்சிபியும் இருக்கும், ஆர்சிசிபியும் இருக்கும். ராடு வாங்குறவன் வீட்டுல ரெண்டு பீங்கான் கேரியர்.

சாமான் பக்கத்துலயும் சட்டம் வந்தது. 2003-ல் மத்திய அரசு போட்ட தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி வயர், இஸ்திரிப் பெட்டி, தண்ணி ராடு, கீசர் எல்லாத்துக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ராடுக்கு ஐ.எஸ். 368, தேக்கி வெக்கிற கீசருக்கு ஐ.எஸ். 2082. வாரச்சந்தையில பெட்டி இல்லாம, கட்டி வெச்சு விக்கிற ராடுல இந்த நம்பரைத் தேடிப் பாருங்க. பல சமயம் கண்ணுல படாது.

இந்த வாரம் செய்யக் கூடியது

படிச்சுட்டு சும்மா போயிடாதீங்க. அஞ்சு விஷயம் பார்த்துடுங்க.

ஒண்ணு, மெயின் போர்டுல நியூட்ரலுக்குத் தனி பியூஸ் இருக்கான்னு கேளுங்க. இருந்தா எடுத்துட்டு நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்க. அல்லது ரெண்டையும் சேர்த்து வெட்டுற சுவிட்ச் போடச் சொல்லுங்க.

ரெண்டு, பிளக் பாயிண்ட்டை எதிர்ல நின்னு பார்க்கும்போது பெரிய எர்த் ஓட்டை மேலே இருக்கணும், பேஸ் வலது கைப் பக்கம் இருக்கணும். டெஸ்டர் இடது பக்கம் எரிஞ்சா மாத்திக் கட்டியிருக்காங்கன்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் எரிஞ்சா நியூட்ரல் அறுந்திருக்கு, எதையும் தொடாதீங்க.

மூணு, 1500 வாட் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும். அதைச் சின்ன 6 ஆம்பியர் பாயிண்ட்டுல மாட்டாதீங்க. 16 ஆம்பியர் பாயிண்ட், மூணு பின், எர்த் கட்டாயம்.

நாலு, தண்ணியைத் தொடுறதுக்கு முன்னாடி சுவிட்ச்சை அணைச்சா மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிட்டுத் தொடுங்க. பிளக் வெளியே வந்துட்டா எது பேஸ், எது நியூட்ரல்ங்கற கேள்வியே கிடையாது. வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்கும் வேலைக்கு வர்ற அம்மாவுக்கும் இந்த ஒண்ணை மட்டுமாவது சொல்லி வைங்க.

அஞ்சு, முடிஞ்சா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு. அதுல 'டெஸ்ட்'னு ஒரு பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. விழணும். வாடகை வீடுன்னா வீட்டுக்காரர்கிட்ட பேசிப் பாருங்க, ஒத்துக்கலைன்னா செலவைப் பாதிப் பாதி போட்டுக்கலாம்னு சொல்லுங்க.

டிஸ்கி: பியூஸ் கம்பி மாத்துறது, பல்பு மாத்துறது மாதிரி சில்லறை வேலைக்கு மட்டும்தான் 1956 விதிகள் நமக்கு விலக்கு கொடுத்தது. வயரிங்கை மாத்துற எந்த வேலையும் உரிமம் உள்ளவங்க செய்யணும். அதனால இதைப் படிச்சுட்டு ஸ்க்ரூ டிரைவரோட மெயின் போர்டு மேல ஏறிடாதீங்க. தெரிஞ்ச அண்ணனைக் கூப்பிடுங்க. வந்ததும், "நியூட்ரல்ல பீஸ் இருக்காண்ணா?"ன்னு மட்டும் கேளுங்க.